வெறும் வயிற்றில் ஏறும் சர்க்கரை

அந்த வீட்டில் விடிந்ததும் முதலில் வாய் திறப்பது சர்க்கரை பார்க்கிற மெஷின்தான். அது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. செக்கரம்மா எழுந்து முகம்கூடக் கழுவாமல் அதைக் கையில் எடுப்பாள். புருஷன் கண்ணை மூடியபடியே இடது கையை நீட்டுவார். ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்து, எண் வருகிறவரை இரண்டு பேருமே மூச்சு விட மாட்டார்கள். ஒரு நாள் இருநூற்று முப்பது காட்டும். பரவாயில்லை, இறங்குகிறது என்று நினைத்தால், மறுநாள் இருநூற்று எழுபதில் ஏறி உட்கார்ந்துகொண்டு இவர்களைப் பார்த்துச் சிரிக்கும்.

செக்கரம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் செக்கராக வேலை பார்க்கிற சட்டைக் கம்பெனியில் பெண்கள் வைத்தது. தைத்து முடித்த சட்டைகளெல்லாம் அவள் மேஜைக்கு வந்துதான் வெளியே போக வேண்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் புரட்டி, காலரை நீவி, அக்குளில் விரலை விட்டுப் பார்த்து, பொத்தானை இழுத்து, டேப்பை வைத்து அளந்துவிட்டுத்தான் மடிப்பதற்கு அனுப்புவாள். கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற சட்டையைக்கூட அளக்காமல் விடமாட்டாள். எங்காவது தையல் விட்டிருந்தால் அவள் கேட்கிற முதல் கேள்வி, "இது யார் கை?" ஒவ்வொரு சட்டைக் கட்டிலும் தைத்தவளின் எண் போட்ட சீட்டு இருக்கும். அந்தப் பெண்ணை வரச் சொல்லி, சட்டையை விரித்துப் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் அவள் முகத்தையே பார்ப்பாள். அது போதும். வந்தவள் முந்தாநாள் செய்த தப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். குறை தானாக வராது, யாரோ ஒருத்தர் கை அதில் இருக்கும் என்பது செக்கரம்மாவின் அசைக்க முடியாத கொள்கை.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை, வெளியே நின்றபடி நாலு வார்த்தை பேசியே அடக்கிவிடுவார் என்று அவருடைய கம்பெனியில் பெருமையாகச் சொல்வார்கள். வீட்டில்தான் அந்தப் பேச்சு எடுபடுவதில்லை. சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரை போதாமல் காலையும் ராத்திரியும் இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஊசியைப் பார்த்தாலே முகம் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். அதனால் மருந்தை எடுப்பதும் அளப்பதும் குத்துவதும் எல்லாம் செக்கரம்மாதான்.

இதுவரை இருந்தது கவலை. பயம் வந்தது அவருடைய கால் கட்டைவிரலில்.

வேலைக்குப் போட்டுப் போகிற இரும்புமூக்கு ஷூ உரசி, மிளகு அளவுக்கு ஒரு புண். அவருக்கு அது வலிக்கவே இல்லை. கால் துடைக்கும்போது துணியில் ஈரம் ஒட்டியதைப் பார்த்து அவள்தான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த நிமிஷமே அவளுக்கு இன்னொரு கால் ஞாபகம் வந்தது. அவருடைய அண்ணனுக்கும் ஆரம்பம் இப்படித்தான் இருந்தது. அதே கட்டைவிரல், அதே வலியில்லாத புண். ஆறும் ஆறும் என்று காத்திருந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே அவருக்குத் துணையாக ராத்திரி உட்கார்ந்திருந்தவளும் இவள்தான். ஆபரேஷன் முடிந்து கொண்டுவந்து படுக்க வைத்தபோது போர்வை ஒரு பக்கம் முழங்காலோடு தட்டையாகிப் போயிருந்தது. அந்தத் தட்டை இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. இப்போதெல்லாம் புருஷன் தூங்கும்போது போர்வைக்குள் இரண்டு பாதமும் முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அவளும் படுப்பாள்.

காலுக்குப் பார்க்கிற டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். "காலைச் சுகர் இறங்காம இது ஆறாதும்மா. ராத்திரி ஊசியில ரெண்டு யூனிட் கூட்டிப் பாருங்க. அடுத்த மாசம் வாங்க" என்றார். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். அவரும் அதற்குமேல் சொல்லவில்லை, இவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

கூட்டினாள். நாலைந்து நாள் பார்த்தாள். எண் இறங்கவில்லை. கூட்டிப் பார்க்கச் சொன்னார், பார்த்தாயிற்று, போதவில்லை, அப்படியானால் இன்னும் இரண்டு கூட்ட வேண்டியதுதானே என்று அவளாகவே ஒரு நியாயத்தைச் சொல்லிக்கொண்டாள். அப்புறம் இன்னும் இரண்டு, அதற்கப்புறமும் இரண்டிரண்டாக ஏறிக்கொண்டே போனது. ராத்திரிச் சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஊசியில் மருந்து எந்தக் கோடு வரைக்கும் ஏறியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார் என்று நினைத்தாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியும், தன் கையில் ஊசி இருக்கும்போது ஞாபகம் வந்தால்தானே.

அதிசயம் என்னவென்றால், அவள் கூட்டக் கூட்ட, காலை எண்ணும் கூடவே ஏறியது. மருந்து ஏறுகிறது, சோறு குறைகிறது, சர்க்கரையும் ஏறுகிறது. இந்தக் கணக்கு எந்த ஊர்க் கணக்கு என்று யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது. கடைசியில் மேஜையில் கேட்கிற கேள்வியையே வீட்டிலும் கேட்டாள். இது யார் கை? வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒன்று தான். தன்னைச் சந்தேகப்படும் வழக்கம் அவளுக்கு இல்லை.

கண் வைத்துப் பார்க்க ஆரம்பித்ததும் தடயங்கள் வரிசை கட்டி நின்றன. ஒரு நாள் காலையில் சமையல் மேடையில் எறும்பு. பின்னாலேயே போய்ப் பார்த்தால் சர்க்கரை டப்பாவின் மூடி சரியாக மூடப்படவில்லை, பக்கத்தில் நாலு மணி சர்க்கரை சிந்திக் கிடந்தது. இன்னொரு நாள் பிஸ்கட் பாக்கெட் இளைத்திருந்தது. அவள் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராத்திரி தண்ணி குடிக்கப் போனேன்" என்றார் அவர்.

"தண்ணி இந்த டப்பாவுலயா இருக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஷூவுக்குக் கயிறு கட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு முழுக்கக் கம்பெனியில் அவள் கையில் சிக்கிய பெண்கள் பாவம்.

கோபம் மேலேதான். கீழே இருந்ததெல்லாம் பயம். கோபப்படுகிற நேரத்தில் மட்டும் அந்தப் பயம் கொஞ்சம் அடங்கி இருந்தது, அதனால் அவள் அடிக்கடி கோபப்பட்டாள். உங்க அண்ணன் காலைப் பார்த்தும் உங்களுக்குப் புத்தி வரலையா என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள்.  அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

வேறு சில சங்கதிகளும் அவள் கண்ணில் படாமல் இல்லை. காலையில் தலையணை உறை நனைந்து கிடக்கும். பிழிந்தால் சொட்டும் என்கிற அளவுக்கு ஈரம். எழுந்திருக்கும்போதே தலை பிளக்கிறது என்று நெற்றியைப் பிடித்துக்கொள்வார். தூக்கத்தில் எதையோ பார்த்து முனகுவார், ஒரு தடவை கத்தியே விட்டார். அவள் இதையெல்லாம் பார்த்தாள், பார்த்துத் தப்பாகப் படித்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், திருடித் தின்றவனுக்கு நல்ல கனவா வரும் என்று முடிவு கட்டினாள்.

பிறகு பூட்டு வாங்கிவந்தாள்.

சமையலறைக் கதவுக்குக் கொண்டி கிடையாது. அதையும் வாங்கிவந்து, மாட்டித் தரச் சொல்லி அவரிடமே கொடுத்தாள்.  அவர் தன் பையிலிருந்து டிரில்லை எடுத்து, பென்சிலால் குறி போட்டு, நீளமான திருகாணியாகத் தேடிப் போட்டு மாட்டினார். செய்கிற வேலையைத் திருந்தச் செய்கிறவர். மாட்டிவிட்டு ஒரு முறை இழுத்துப் பார்த்து, "யானை வந்து இழுத்தாலும் வராது" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. பழம், ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் சமையலறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் உடுப்பின் உள்பக்கம் ஊக்கால் குத்திக்கொண்டாள். கூடத்தில் இருந்த ஃப்ரிட்ஜில் தண்ணீரும் கீரையும் இன்சுலின் பாட்டிலும் மட்டும் மிஞ்சின.

மறுநாள் காலை மெஷின் இருநூற்று அறுபது என்றது.

அவள் உடுப்பின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். சாவி குத்தின இடத்திலேயே இருக்கிறது, பூட்டு பூட்டினபடி இருக்கிறது. அவர் குளிக்கப் போனதும் அவருடைய கருவிப் பையைக் கொட்டித் தேடினாள். ஸ்பேனர், கிரீஸ் துணி, ஃபியூஸ் கம்பி, பழைய டார்ச். சட்டைப் பை, ஷூவுக்குள், கட்டிலுக்கு அடியில், எங்கும் ஒரு மிட்டாய்க் காகிதம்கூட இல்லை. யார் கை என்று தெரிந்தவரைக்கும் பயத்துக்கு ஓர் எல்லை இருந்தது. இப்போது கையே இல்லை என்றதும் அந்த எல்லையும் போய்விட்டது. சாப்பிடாமலே ஏறுகிறதென்றால் உள்ளே என்னவோ கெட்டுப்போய்விட்டது, கால் போகப்போகிறது, அப்புறம் ஆளும் போகப்போகிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். குளித்துவிட்டு வந்த மனுஷனின் பாதத்தை அவள் குனிந்து பார்த்தபோது அவர் அதைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

அன்று அவருக்கு வேலை ஒரு உயரமான கட்டிடத்தில். லிஃப்ட் ஓடாததால்தானே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள், அதனால் மெக்கானிக் படி ஏறித்தான் போக வேண்டும். கருவிப் பையோடு மேலும் கீழுமாக எத்தனை தடவை ஏறி இறங்கினாரோ, வீட்டுக்கு வரும்போது ஆள் துவண்டுபோயிருந்தார். பசிக்கவில்லை என்று பாதிச் சாப்பாட்டிலும் பாதியை வைத்துவிட்டார். அவள் வற்புறுத்தவில்லை. வழக்கமான அளவுக்குமேல் அன்றைக்கு நாலு யூனிட் கூட்டி எடுத்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் குத்தினாள்.

காலையில் அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். முதல் ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டும். வழக்கம்போல் மெஷினை எடுத்துக்கொண்டு வந்து, "கையைக் குடுங்க" என்றாள்.

கை நீளவில்லை. தொட்டுப் பார்த்தாள். சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது, தோல் ஜில்லென்று இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. உலுக்கினாள். வாயிலிருந்து கொழகொழவென்று ஏதோ சத்தம் வந்தது. அது பேச்சில் சேர்த்தி இல்லை. இன்னொரு முறை உலுக்கியபோது அவர் கை எழும்பி அவள் தோளில் பலமாக இடித்துவிட்டுத் தொப்பென்று விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அவள்மேல் கை ஓங்கியது இல்லை.

 அவளுக்கு ஒன்று மட்டும் தோன்றியது. ஏறிவிட்டது. தினம் தினம் ஏறிக்கொண்டிருந்தது இன்றைக்கு உச்சிக்கே ஏறிவிட்டது. ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். ஊசியில் இழுத்தாள், எவ்வளவு இழுக்கிறோம் என்று பார்க்காமலே இழுத்தாள். அவர் சட்டையைத் தூக்கி, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்தாள். ஊசிமுனை தோலுக்கு வந்துவிட்டது.

அளக்கவில்லையே என்று ஞாபகம் வந்தது அப்போதுதான். அது புத்தியில் வந்த ஞாபகமா, இத்தனை வருஷம் டேப்பைப் பிடித்த கையில் வந்த ஞாபகமா, யார் கண்டது. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு மெஷினை எடுத்தாள். அவர் விரலில் குத்தி ரத்தம் வருவதற்குப் பிதுக்க வேண்டியிருந்தது.

இருபத்தெட்டு.

மூன்றாவது இலக்கம் விழாமல் போய்விட்டதென்று நினைத்தாள். மெஷினைத் தட்டினாள், வேறு பட்டை போட்டு, வேறு விரலில் குத்தினாள். இருபத்தாறு என்று வந்தது. ஊசி அவள் வாயிலிருந்து கீழே விழுந்தது.

போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது எடுத்தவள் நிதானமாகப் பேசினாள். ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நினைவில்லாதவருக்குத் தண்ணீர் கிண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், மூச்சுக்குழலுக்குப் போய்விடும், சர்க்கரையைக் கொஞ்சம் ஈரமாக்கிக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தடவிக்கொண்டே இருங்கள், வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றாள். சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டதும் செக்கரம்மா சமையலறைப் பக்கம் திரும்பினாள். பூட்டு. உடுப்பின் உள்பக்கம் கையை விட்டாள், ஊக்கு கழலவில்லை, விரல் வழுக்கியது. துணியோடு சேர்த்துக் கிழித்து எடுத்தாள். சாவி துவாரத்துக்குள் போக மாட்டேன் என்று இங்கும் அங்கும் இடித்தது. கடவுளே கடவுளே என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், வேறு எந்த வேண்டுதலும் வாயில் வரவில்லை. கதவு திறந்ததும் டப்பாவோடு ஓடிவந்து, ஈர விரலில் சர்க்கரையைத் தொட்டு அவர் கன்னத்துக்குள் தடவினாள். ஒரு மாதமாக எந்தப் பொருள் அவர் வாய்க்குள் போய்விடக் கூடாது என்று காவல் காத்தாளோ, அதையே அள்ளி அள்ளித் தடவினாள். அவர் பல் அவள் விரலைக் கடித்தது. கடிக்கட்டும், கடிக்கிறாரே என்று இருந்தது.

வண்டியில் வந்தவர்கள் கையில் நரம்பு தேடி மருந்தை ஏற்றினார்கள். பாதி ஏறுவதற்குள் அவர் கண் திறந்து, தன்னைச் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தார். "எந்த மாடி?" என்று கேட்டார். வந்தவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார். செக்கரம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் இளவயசுப் பெண். பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, ராத்திரி எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டாள். செக்கரம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் மறு கையில் ஊசி ஏறுவதால் வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டில் போட்டிருந்த இருபத்திரண்டையே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு தயங்கியது. ஆனால் பொய்க் கணக்குக்கு மருந்து கொடுத்தால் அதுவும் அவர் உடம்பில்தான் போய் விடியும்.

"முப்பத்தாறு" என்றாள்.

"யார் கூட்டினது?"

"நான்தான்."

சுவரைப் பார்த்திருந்த முகம் அப்போது திரும்பியது. அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். விடிகாலையில் எல்லோர் உடம்பும் எழுந்திருக்கத் தயாராகும், அதற்காகக் கொஞ்சம் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கு அது தெரியாது, இருக்கிறவர்களுக்கு எண்ணில் தெரியும். சில பேருக்கு முன்ராத்திரி போட்ட மருந்து விடிகிறதற்குள் தீர்ந்துபோய் ஏறும். இது இரண்டுக்கும் யாரும் திருடித் தின்ன வேண்டியதில்லை. மூன்றாவதாக ஒன்று உண்டு. மருந்து அதிகமாகி நடுராத்திரியில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். உடம்பு அலறியடித்துக்கொண்டு, கல்லீரலில் சேர்த்து வைத்ததையெல்லாம் வெளியே கொட்டும். ஆளும் தூக்கத்தோடு எழுந்து கிடைத்ததை அள்ளி வாயில் போடுவார். காலையில் பார்த்தால் எண் எங்கேயோ இருக்கும்.

"ராத்திரி வேர்த்துக் கொட்டுமே, கனவு வந்து கத்துவாரே, காலையில தலை வலிக்குமே?"

எல்லாம் இருந்தது என்றாள் செக்கரம்மா.

"காலையில ஏறியிருந்தா ராத்திரி முழுக்க ஏறியிருந்துச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. எதனால ஏறுதுன்னு தெரியணும்னா நடுராத்திரியில ஒரு தடவை குத்திப் பார்க்கணும். பார்க்காமலே மருந்தைக் கூட்டினா, இறங்கிட்டிருக்கிற ஆளை இன்னும் கீழே தள்ளுற மாதிரிதான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இத்தனை நாளாக அவள் தேடிய கை அவளுடைய மடியில்தான் கிடந்தது. விரலில் அவர் கடித்த பல் தடம்கூட இருந்தது.

டாக்டர் அளவைக் குறைத்து எழுதினாள். சில ராத்திரிகளுக்கு மூன்று மணிக்கு எழுந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அதை வைத்து மற்றதைப் பார்க்கலாம், நீங்களாக ஒரு யூனிட்கூடத் தொடாதீர்கள் என்றாள். மாலையில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வருகிற வழியில் வண்டிக்குள் அவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். உடம்பு வெடவெடவென்று ஆடும், நெஞ்சு அடிக்கும், கை தானாகச் சர்க்கரை டப்பாவைத் தேடும், சுகர் ஏறிக் கிடக்கிறவனுக்கு எங்கே இறங்கப்போகிறது, இது வெறும் நாக்கு ருசிதான், இந்த வயசில் நாம் இப்படி அலைகிறோமே என்று அவருக்கே அவமானமாக இருந்ததாம். அதனால்தான் தண்ணீர் குடிக்கப் போனதாகச் சொன்னாராம்.

"நேத்தும் போனீங்களா?"

"போனேன். பூட்டியிருந்துச்சு."

"என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "நீ அசந்து தூங்கிட்டிருந்தே. நாள் பூரா நின்னுட்டு வர்றவ. எழுப்ப மனசு வரலை."

 இந்த மனுஷனையா திருடன் என்று நினைத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். அதோடு, சொல்லாமல் இருப்பதற்கில்லை, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. தன் தூக்கத்தை நினைத்துத்தான் எழுப்பவில்லை என்கிற பதிலை வைத்துக்கொண்டு ஒருவிதமாகச் சமாளித்து வாழ்ந்துவிடலாம் போலிருந்தது.

அன்று ராத்திரி அவரை வயிறாரச் சாப்பிட வைத்தாள். டாக்டர் எழுதிய அளவு மருந்தை ஊசியில் எடுத்து, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, கோட்டைக் காட்டிவிட்டுக் குத்தினாள். அலாரம் வைத்துக்கொண்டு படுத்தாள், தூக்கம் எங்கே வரப்போகிறது. அவர் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், உலர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

அலாரம் அடிப்பதற்கு முன்பே அதை அமுக்கிவிட்டு, சின்ன விளக்கைப் போட்டாள். அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். மெல்ல அவர் கையை எடுத்து விரலில் குத்தினாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் முழுசாகத் திறக்கவில்லை. விளக்குக்கு முன்னால் அவள் குனிந்து நிற்கிற உருவம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் எதுவும் எடுக்கலை" என்றார்.

அவள் பிடித்திருந்த விரலை விட்டுவிட்டாள்.

"சத்தியமா எடுக்கலை. வேணும்னா பாரு." இரண்டு கையையும் அவள் முன்னால் விரித்துக் காட்டினார். ஒரு விரலில் அவள் குத்திய இடத்தில் ரத்தம் முட்டி நின்றது. அவளுடைய மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிற பெண்களின் குரல் எப்படி இருக்குமென்று அவளுக்குத் தெரியும். இது அந்தக் குரல்தான். நேற்று ராத்திரி இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், உடம்பு ஆட ஆட நின்று, எழுப்பினால் இவள் முதலில் என்ன கேட்பாள் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பப் படுத்துக்கொண்டிருக்கிறார். சாவைவிட அவருக்கு அவளிடம் பயம் அதிகமாக இருந்திருக்கிறது.

அந்தச் சொட்டைப் பட்டையில் தொட்டு எடுத்தாள். மெஷின் நூற்று நாற்பது காட்டியது. எந்த எண்ணுக்காக இத்தனையும் செய்தாளோ அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள், அவளுக்கு அழுகைதான் வந்தது. விரித்த கைகளைப் பிடித்துப் போர்வைமேல் வைத்து, "தெரியும்ங்க. நீங்க எடுக்கலை" என்றாள்.

அவர் அதற்குள் தூங்கிப்போயிருந்தார். அவள் இன்னொரு தடவை சொன்னாள்.